தம்பதி சமேதராய் உலக யாத்திரை

உலகத்தை யார் முதலில் சுற்றி வருவது என்று கைலாசத்தில் ஒரு முறை போட்டி நடந்தது. இளைய பிள்ளை மயில் ஏறிப் பறந்தார். மூத்த பிள்ளை தாய் தந்தையரை வலம் வந்து பழத்தைப் பெற்றுக்கொண்டார். இருவரில் யார் செய்தது நியாயம் என்று நாம் எத்தனையோ பட்டிமன்றங்கள் நடத்திவிட்டோம். ஆனால் அந்தத் தாயும் தந்தையும் ஒரு தடவையாவது ஜோடியாகப் புறப்பட்டு உலகத்தைப் பார்த்து வரலாமே என்ற யோசனை மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெற்றோர் என்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவர்கள். அதிலும் தாயார் இம்மியும் அசையக் கூடாது!

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. கடல் கடந்து செல்லும்போது பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. உரைகாரர்கள் அதற்கு எவ்வளவு நயமாகப் பொருள் சொன்னாலும், நமது முன்னோர்கள் அதை நன்றாகவே கடைப்பிடித்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வியாபாரம் செய்யப் போனவர்களில் பலர் மனைவியரை ஊரில் விட்டுவிட்டே போனார்கள். ஏ. கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தார். படமும் 1940-இல் வெளிவந்தது. தமிழர் உலகம் சுற்றிய கதை பெரும்பாலும் ஆண்கள் தனியே சுற்றிய கதைதான்.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், என் மனைவியும் நானும் உலகத்தைச் சுற்றி வரத் திட்டம் போட்டிருக்கிறோம். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டி எங்கள் ஊர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். சர்வதேசத் தேதிக் கோட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ, கணக்கில்லை. ஆனால் தனுஷ்கோடிக்கு அப்பால் கால் வைத்ததில்லை.

எங்களுக்குத் தைரியம் கொடுத்தவர்கள் கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதிகள். தினம் முந்நூறு ரூபாய் ஒதுக்கி வைப்பார்கள். போதாததற்கு வங்கியில் கடன் வாங்குவார்கள். போய் வந்து, தேநீர் ஆற்றியே கடனை அடைப்பார்கள். பிறகு அடுத்த தேசம். 2007-லிருந்து இப்படியே 26 தேசங்களைப் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ருஷியாவுக்குப் போனார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

இந்தச் செய்தியை எடுத்துச் சொல்லி, "பார்த்தீரா ஸார், ஊர் சுற்றியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்!" என்று என்னை எச்சரித்தார் ஒரு நண்பர். உள்ளிருந்து என் மனைவி, "போகாதவர்கள் எல்லாம் இருக்கிறார்களா, அண்ணா? அவர் பார்க்காமல் போகவில்லையே" என்றாள். நண்பர் காப்பியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

திட்டம் போடுவதென்றால் லேசான காரியமில்லை. சில விமானக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து உலகம் சுற்றும் டிக்கட் விற்கின்றன. கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் கிழக்காகவே போக வேண்டும். மேற்கு என்றால் மேற்கு. பசிபிக் மகாசமுத்திரத்தை ஒரு தடவை, அட்லாண்டிக்கை ஒரு தடவை தாண்ட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நாங்கள் கிழக்கே போவதாகத் தீர்மானித்தோம். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் வழியில் தேதிக் கோடு வரும். தாண்டியதும் நாட்காட்டி ஒரு நாள் பின்னால் போகும். இதை நான் விளக்கியபோது, முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி ஒன்றை என் மனைவி கேட்டாள்: "அப்படியானால் வெள்ளிக்கிழமை இரண்டு தடவை வருமே, எந்த வெள்ளிக்கு விரதம் இருப்பது?"

ஜப்பானுக்கு ஒரு விஸா, அமெரிக்காவுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வங்கிக் கணக்கு, சொத்து விவரம், திரும்பி வருவோம் என்பதற்கு அத்தாட்சி. இந்தப் பாரங்களை நிரப்பும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. வங்கிக் கணக்கு என் பெயரில். வீடு என் பெயரில். இரண்டு ஏக்கர் கரிசல் நிலமும் என் பெயரில். நாற்பது வருஷம் உழைத்தவளிடம், திரும்பி வருவாள் என்று காட்டுவதற்கு என்னைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை!

எந்த ஊர்களைப் பார்ப்பது என்ற கேள்வியில் நான் லண்டன், கிரீன்விச் என்று அடுக்கினேன். அவளைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாத்தளை" என்றாள்.

அவளுடைய தாத்தா 1930-களில் பஞ்சம் பிழைக்க இலங்கைக்குப் போனவர். மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். பாட்டியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுப் போனார். சில வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபோது, "இனி அவர் வருவதற்குக் கப்பலும் இல்லை" என்று பாட்டி சொன்னாளாம். இன்று மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரந்தான். என்னோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவள் இந்த ஆசையை இதுவரை சொன்னதில்லை. ஏன் என்றேன். "போகிற ஊர் எது என்று யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும்?" என்றாள்.

பெங்களூரிலிருக்கும் எங்கள் பையன் டெலிபோனில் ஆட்சேபித்தான். "இந்த வயதில் எதற்கு, அப்பா? அம்மாவுக்கு முழங்கால் வேறு வலிக்கிறது. பணத்தை வைத்துக்கொண்டால் வைத்தியத்துக்காவது ஆகும்" என்றான். அவன் சொன்னது அன்பில்லாத வார்த்தையல்ல. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஓய்வூதியமாகக் கிடைத்த தொகையில் பாதி இதற்கே போய்விடும். அது மறுபடி வராது. முழங்காலோ அடுத்த வருஷம் இதைவிட நன்றாக இருக்கப் போவதில்லை.

ஊரிலுள்ள பெரியவர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்த குமரப்பாவே இந்த ஊரைத் தேடி வந்தார். நீங்கள் இதை விட்டு எதைத் தேடிப் போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர்; நியூயார்க்கில் பொருளாதாரம் படித்தவர்; சீனாவையும் ருஷியாவையும் பார்த்தவர். தமது கடைசி வருஷங்களைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30-ஆம் தேதி காலமானார். ஆனால் அவர் உலகத்தைக் கண்டபின் கல்லுப்பட்டியைத் தேர்ந்தெடுத்தார். என் மனைவி தேர்ந்தெடுக்கவில்லை. கல்யாணம் ஆகி வந்தாள். உலகத்தைப் பார்த்துவிட்டு, இதுவே நல்ல ஊர் என்று அவளும் ஒரு நாள் சொல்லட்டுமே! சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். நிலத்தை விற்பதில்லை, கடன் வாங்குவதில்லை, வைத்தியத்துக்கென்று ஒதுக்கிய பாதியைத் தொடுவதில்லை. தைப்பொங்கல் கழிந்து புறப்பாடு. முதலில் மாத்தளை. அங்கே தாத்தாவின் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் யாரும் இருக்கப் போவதில்லை. தோட்டத்தையாவது அவள் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறம் ஜப்பானில் பனி விழுவதைப் பார்ப்பது, அமெரிக்கா, லண்டன். ஆடி பிறக்குமுன் ஊர் திரும்பி விதைப்பு வேலையைப் பார்க்க வேண்டும். எப்படியும் போகுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி. திருமங்கலத்துக்குப் போய், இரண்டு ஏக்கரில் ஒன்றை அவள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டு வர வேண்டும். வரும் திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறது.