எங்கள் கிணற்றுக் கணக்கு

போன தடவை இந்தச் சுவரில் விடுகதை எழுதினேன். இந்தத் தடவை நான் போட்ட ஒரு தப்புக் கணக்கை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்க அப்பத்தா ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு.

எங்கள் தோட்டத்துக் கிணறு பொதுக் கிணறு. நாலு வீட்டுக்குப் பங்கு. எங்களுக்கு 1/4, சின்னத் தாத்தாவுக்கு 1/4, பெரியப்பாவுக்கு 1/3, சித்தப்பாவுக்கு 1/6. தாத்தா காலத்தில் வாங்கி விற்று இப்படி ஆகிவிட்டதாம்.

சித்தப்பா குடும்பத்தோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார். அதனால் அவருடைய நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் எங்கப்பாவுக்கே கிரையம் கொடுத்தார். பத்திரத்தை வாசிக்க அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். "பொதுக் கிணற்றில் 6-ல் 1 பாகம்" என்று சத்தமாக வாசித்தேன்.

"அப்ப நம்ம பங்கு மொத்தம் எவ்வளவு பாப்பா?" என்றார்.

திண்ணையில் பெரியப்பா, சின்னத் தாத்தா எல்லாரும் இருந்தார்கள். டக்கென்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலே 1ம் 1ம் 2, கீழே 4ம் 6ம் 10. "பத்துல ரெண்டுப்பா. சுருக்கினா அஞ்சுல ஒண்ணு" என்றேன்.

அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏண்டி, இருந்தது நாலுல ஒண்ணு. மேல காசு குடுத்து வாங்கின பெறகு அஞ்சுல ஒண்ணா குறைஞ்சு போச்சா?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பணத்துக்காக அடகுக்குப் போனது அம்மாவின் சங்கிலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா திட்டவில்லை. சாயங்காலம் மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"நம்ம தண்ணி முறை எத்தனை நாளு?"

"12 நாளைக்கு 3 நாள்."

"சித்தப்பாவுக்கு?"

"2 நாள்."

"அப்ப இனிமே?"

5 நாள். பன்னிரண்டில் ஐந்து. 5/12!

பகுதி வேறாக இருந்தால் மீச்சிறு பொது மடங்கு எடுக்க வேண்டும் என்று ஆறாவதிலிருந்தே படிக்கிறேன். பரீட்சையில் எடுப்பேன். ஏன் எடுக்கிறோம் என்று தெரியாததால் அவசரத்தில் விட்டுவிடுவேன். எங்கள் ஒரு பங்கு 3 நாள், சித்தப்பாவின் ஒரு பங்கு 2 நாள். ரெண்டும் ஒரே அளவு இல்லை. அதை எப்படி ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு பங்கு என்று சொல்வது? நாளாக மாற்றின பிறகுதான் கூட்டவே முடிகிறது. பத்து என்று நான் சொன்னது எந்தக் கிணற்றிலும் இல்லாத பத்து.

"ஏம்ப்பா 12 நாள் வெச்சாங்க? 10 வெச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"10 வெச்சா நமக்கு ரெண்டரை நாளு வரும். பாதி நாள்ல மோட்டார் கை மாறணும். சண்டைதான் வரும்."

"24 வெச்சா? எல்லாருக்கும் முழு நாளா வருமே?"

"வரும். 6 நாளு தண்ணி நமக்கு. மிச்சம் 18 நாளு வெங்காயம் காஞ்சு கிடக்குமா?"

மீச்சிறு என்று ஏன் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 24ம் பொது மடங்குதான், கணக்குக்குச் சரிதான். ஆனால் வெங்காயத்துக்குச் சரியில்லை. (டீச்சர் மன்னிக்கவும், இந்தக் காரணம் புத்தகத்தில் இல்லை.) 3, 4, 6 மூன்றுக்கும் 12 என்று கண்டுபிடித்து வைத்த பெரியவர் யார் என்று அப்பத்தாவுக்கும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் முறையில் நாலாவது நாள். முன்பெல்லாம் அன்றைக்குச் சித்தப்பாதான் வந்து மோட்டார் போடுவார். இப்போது அப்பா போட்டார். தண்ணீர் சித்தப்பா காட்டு வாய்க்காலில் ஓடியது. வரப்போரம் சித்தி வைத்துவிட்டுப் போன கனகாம்பரச் செடிகள் வாடி நின்றன. அதற்கும் நான்தான் மடை திறந்துவிட்டேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி