ஐந்நூறு தடவை குனிந்தால் ஒரு கிலோ

மாணவர் பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். தோழிகள் எல்லோரும் முந்திக்கொண்டு கவிதை கொடுத்துவிட்டார்கள். நிலா, மழை, நட்பு என்று எல்லாத் தலைப்பும் போய்விட்டது. எனக்குக் கவிதையும் வராது. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிற எனக்கு ஓரளவு தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று லேத், இன்னொன்று குப்பை. லேத்தைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத இங்கே நூறு பேர் இருக்கிறீர்கள். ஆகவே குப்பையைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் படிக்க வேண்டுகிறேன்!

என் அம்மா மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடை குடோனில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், இன்றும் அதே குடோன், அதே தகரக் கொட்டகை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் அவருக்குப் பாலிமர் தெரியும். மெட்டீரியல்ஸ் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பி.வி.சி. இவற்றையெல்லாம் அவர் விரலாலும் காதாலும் பிரித்துவிடுவார். ஒரு கவரைக் கசக்குவார். சலசலவென்று சத்தம் வந்தால் எச்.எம்., சத்தமில்லாமல் வழவழவென்று இழுபட்டால் எல்.டி. டப்பாவாக இருந்தால் வளைத்துப் பார்ப்பார், தரையில் தட்டிப் பார்ப்பார். அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீர் வாளியில் போடுவார். மிதந்தால் ஒரு சாக்கு, முங்கினால் வேறு சாக்கு.

"ஏன் முங்குதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "முங்குறது முங்கும், மெதக்குறது மெதக்கும். அதுக்கு எதுக்குத்தா காரணம்?" என்றார். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை. தண்ணீர் பாட்டில் செய்கிற பெட், கனமீட்டருக்கு ஏறத்தாழ 1380 கிலோ. அதனால்தான் முங்குகிறது. நான் செமஸ்டரில் படித்து எழுதியதை அம்மா நான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே வாளியில் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. எனக்கு மார்க் கிடைத்தது. அவருக்கு நாள் கூலி.

டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த குறி அது. 1 என்றால் பெட், 2 என்றால் எச்.டி., 5 என்றால் பாலிபுரொப்பிலீன், இப்படிப் போகும். கடைசி எண் 7. அதற்கு அர்த்தம் "மற்றவை". நம் ஊர் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தில்கூட "மற்றவை" என்று ஒரு கட்டம் உண்டல்லவா, அது மாதிரி. எங்கும் சேராதது எல்லாம் அதில் போய் விழும். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே ஆகிய பலவும் இந்த 7-தான். இந்தக் கட்டுரையே அந்த 7-ஐப் பற்றித்தான்.

ஒரு சாஷேயைக் கிழித்துப் பாருங்கள். வெளியே அச்சடித்த ஒரு படலம், நடுவில் அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலிஎத்திலீன் படலம். எல்லாம் சேர்ந்தே ஒரு தலைமுடிக் கனம்தான். அலுமினியம் காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது, உள்படலம் பாக்கெட்டை மூடுகிறது, வெளிப்படலம் உறுதி தருகிறது. இஞ்சினியரிங் என்று பார்த்தால் அருமையான பொருள். இலையில் கட்டிய சிப்ஸ் மறுநாளே நமுத்துப்போகும், இது மாசக்கணக்கில் மொறுமொறுப்பாக வைத்திருக்கிறது. சாஷேயைக் கெட்டது என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதை நாட்டுக்கே பழக்கிய முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன் என்ற தமிழர். பெரிய பாட்டில் வாங்க முடியாத எங்கள் வீடு போன்ற வீடுகளில் ஷாம்பு என்ற ஒன்று நுழைந்ததே சாஷேயால்தான்.

சங்கடம் தூக்கியெறிந்த பிறகு வருகிறது. பாலிஎத்திலீன் 110 டிகிரி அளவில் உருகும், பாலிபுரொப்பிலீனுக்கு 165 வேண்டும், பெட்டுக்கு 250. இவற்றை ஒன்றாக ஒட்டிவைத்தால் எந்தச் சூட்டில் உருக்குவது? ஒன்று உருகும்போது இன்னொன்று உருகாது, அது உருகும் சூட்டில் இது கருகும். பிரித்தெடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஆகும் செலவில் புதுப் பிளாஸ்டிக்கே வாங்கிவிடலாம். ஆகவே எங்கள் குடோனில் 7-க்கு விலை கிடையாது. வந்தால் ஓரமாகத் தள்ளுவார்கள்.

விலை இருந்தாலும் யார் பொறுக்குவார்கள் என்பது அடுத்த கேள்வி. கெமிஸ்ட்ரி லேப் தராசில் அனுமதி கேட்டு எடை போட்டுப் பார்த்தேன். காலியான ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் சுமார் 2 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் 25 கிராம். தெருவில் பொறுக்குகிறவர் நாற்பது முறை குனிந்தால் ஒரு கிலோ பாட்டில் சேரும். ஒரு கிலோ சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஐந்நூறு முறை குனிய வேண்டும்! இடுப்பு யாருடையது? அம்மாவோடு வேலை செய்யும் ஒரு அக்கா காலை நான்கு மணிக்குச் சாக்கோடு கிளம்புகிறவர். அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "இதுக்கு நீ பாலிடெக்னிக்கு போய்த்தான் படிக்கணுமா பாப்பா? எங்க இடுப்பைக் கேட்டாலே சொல்லுமே" என்றார்.

இந்த இடத்தில்தான் அரசும் கம்பெனிகளும் கைகோக்கிற கதை வருகிறது. பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனிதான் அந்தப் பாக்கெட்டின் கடைசி வரைக்கும் பொறுப்பு என்று ஒரு கொள்கை இருக்கிறது. "விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு" என்று பெயர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாக்கெட் சிப்ஸ் காலியாகிவிடும்.) மத்திய அரசு 2016-இல் போட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் இது தெளிவாகவே இருந்தது. அதே விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு ஆண்டு ஆயிற்று. 2018 மார்ச்சில் திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாதது, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு எதற்கும் பயன்படாதது, இவற்றைத்தான் நிறுத்த வேண்டும் என்று ஆனது. எரியாத பிளாஸ்டிக் உறை எங்கே இருக்கிறது? நான்கு வார்த்தை சேர்ந்ததில் சாஷேக்கு ஆயுள் நீண்டது.

2022 பிப்ரவரியில் புது வழிகாட்டுதல்கள் வந்தன. அவற்றை நான் முழுதும் உட்கார்ந்து படித்தேன். நல்ல விஷயங்கள் இருக்கின்றன. உறைகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆக வேண்டும் என்று ஆண்டுவாரியாக இலக்கு வைத்திருக்கிறார்கள். பல அடுக்கு உறைக்கு 2024-25-இல் 30 சதவீதம், 2027-28 முதல் 60 சதவீதம். கெட்டியான பாட்டில், டப்பாவுக்கு 50-இல் தொடங்கி 80 வரை. கம்பெனி தன் கையால் பொறுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை இவ்வளவு டன் செய்தேன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினித் தளத்தில் ஏற்றினால் சான்றிதழ் உண்டாகும். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்குக் காட்டலாம்.

காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சரக்கு ஒரு பக்கமும் சான்றிதழ் இன்னொரு பக்கமும் போகத் தொடங்கினால்? 2023-இல் வாரியமே தணிக்கை செய்தபோது, குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகத்தைச் சேர்ந்த சில ஆலைகளிடம் மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் இருந்தது வெளியே வந்தது. செய்யாத மறுசுழற்சிக்குச் சான்றிதழ்! ஆலையில் உருகாத பிளாஸ்டிக் கணினியில் உருகியிருக்கிறது.

எங்கள் குடோனுக்கும் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். "சரக்கு வேண்டாம் அண்ணாச்சி, எடை போட்ட மாதிரி பில் மட்டும் கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்றார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, "சரக்கில்லாம பில்லு போட்டா நாளைக்கு எவன் வந்து கேப்பான்னு தெரியாது. எடுத்துட்டுப் போறதா இருந்தா எடுங்க" என்று அனுப்பிவிட்டார். அண்ணாச்சி பில்லே போடாமல் தொழில் பண்ணுகிற ஆள்தான், அதை மறைப்பானேன். 2021 அக்டோபரில் பழைய பிளாஸ்டிக்குக்கு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதம் ஆக்கியபோது எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் பில் புத்தகத்தையே தொடவில்லை. ஒரு கை மறுசுழற்சியை வளர்க்கிறேன் என்கிறது, இன்னொரு கை அதன் சட்டைப் பையைத் தடவுகிறது. இருந்தாலும் அன்று அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

காசு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. கம்பெனி கொடுக்கிறது, ஆலை வாங்குகிறது. நடுவில் தரகர் இருக்கிறார். குனிந்து எடுத்தவருக்கும் கசக்கிப் பார்த்துப் பிரித்தவருக்கும் அந்தக் காசில் ஒரு ரூபாய் வந்ததாக நான் பார்த்ததில்லை. பல அடுக்கு உறை கிலோ இன்ன விலை என்று குடோன் வாசலில் ஒரு போர்டு தொங்கினால் போதும், தெருவில் ஒரு பாக்கெட் கிடக்காது.

நடக்காத காரியம் என்கிறீர்களா? நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. உதாரணம் கொஞ்சம் சங்கடமானது, ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும். டாஸ்மாக் பாட்டில்! நீலகிரியில் காட்டுக்குள் உடைந்து கிடக்கும் பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பகுதிப் பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு கோயம்புத்தூர், பெரம்பலூர் என்று வேறு மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்கள் இடமில்லை, வேலைப்பளு என்று எதிர்த்தார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் குடித்தவர் எறிந்தால்கூட அடுத்து வருகிறவர் எடுத்துக்கொண்டு போகிறார். ஒருமுறை குனிந்தால் பத்து ரூபாய் அல்லவா? எங்கள் தாத்தா காலத்துச் சோடாக் கடையிலும் இதே கதைதான். பாட்டிலைத் திருப்பித் தராதவனுக்கு அடுத்த சோடா கிடையாது.

ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்க முடியாது, தெரியும். அதனால்தான் பாக்கெட்டுக்கு இல்லாமல் கிலோவுக்குக் கேட்கிறேன். சான்றிதழ் எந்தக் குடோனில், யார் கையில், எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சரக்கு என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லாத சான்றிதழ் செல்லாது என்று அரசு ஒரு வரி சேர்த்தால் என்ன? நான்கு வார்த்தை சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி பெரிய காரியமா?

இப்போதைக்கு 7-க்கு இருக்கிற போக்கிடம் சிமென்ட் ஆலைதான். அரியலூர்ப் பக்கம் சூளையில் நிலக்கரியோடு போட்டு எரிக்கிறார்கள். 1400 டிகிரிக்கு மேல் போகிற சூளை என்பதால் தெருவில் கொளுத்துவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. அதை மறுசுழற்சி என்று மட்டும் சொல்லாதீர்கள், எரிப்பது எரிப்பதுதான். இன்னொரு வழி தார்ச் சாலை. அது பிறந்தது நம் மதுரையிலேயே, தியாகராசர் பொறியியல் கல்லூரியில். பேராசிரியர் வாசுதேவன் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலை உருகப் பூசி, அதன் மேல் தார் கலந்தார். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

எங்கே அனுப்புவதானாலும் லாரி ஏற்ற வேண்டுமே! சிப்ஸ் பாக்கெட் சாக்கு ஆள் உயரம் இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது. லாரிக்காரர் எடைக்கு வாடகை கேட்பதில்லை, இடத்துக்குக் கேட்கிறார். அமுக்கிக் கட்டுகிற மிஷின் இருந்தால் ஐந்தாறு சாக்குச் சரக்கு ஒரு கட்டாகிவிடும். விற்கிற மிஷின்கள் அண்ணாச்சிக்கு எட்டாத விலை.

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்குக் கையால் இயக்கும் ஸ்க்ரூ பிரஸ் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். பெண்கள் நின்றபடியே சுற்றுகிற உயரம், பழைய ஐ-பீம், பழைய லாரி ஜாக். இரும்பு அண்ணாச்சி குடோனிலேயே எடைக்குக் கிடைக்கும். எங்கள் குழுவில் மூன்று பேர் இருக்கிறோம். ஆர்க் வெல்டிங் சுத்தமாகப் போடத் தெரிந்த ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவில் கேட்கவும். வந்து அளவெடுக்கிற அன்று அம்மா டீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.