தேர்ந்தெடுத்த கரும்பு

கரும்பு பயிரிடும் உழவர் விதை விதைப்பதில்லை. பருவுடைய கரணைகளையே நடுகின்றனர். கரணையினின்று முளைப்பது தாய்க்கரும்பின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும். ஆயினும், கரும்பு பூப்பதும் உண்டு. நுண்ணிய விதை ஈனுவதும் உண்டு. அவ்விதைகளிற் பிறக்கும் கன்றுகளோ ஒன்று போல ஒன்று இரா. புதிய கரும்பினத்தை உண்டாக்க விழைவார்க்கு இவ்வேற்றுமையே முதற்பொருளாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇந்திய வயல்களில் விளைந்த கரும்பு மெலிந்தது, விளைவும் குறைந்தது. கடல் கடந்து சாவகத் தீவினின்று சருக்கரை வந்திறங்கியது. இக்குறையை நீக்கும் பொருட்டு, 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. வடக்கே அரிதாகப் பூக்கும் கரும்பு அங்கே நன்கு பூத்தது.

அந்நிலையத்தில் பணியாற்றிய பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள், பருத்து இனிக்கும் 'வெள்ளை' என்னும் கரும்போடு காட்டு நாணலைக் கலந்தனர். நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் வறட்சியையும் குளிரையும் தாங்கும் உரம் உண்டு. அக்கலப்பிற் பிறந்த 'கோ 205' என்னும் கரும்பு 1918இல் வடநாட்டு வயல்களுக்குச் சென்றது. எளிய புல்லென்று எண்ணப்பட்ட நாணல், உழவர் வாழ்வுக்குத் துணையாயிற்று.

கலப்பினும் அரியது தேர்வு. ஆயிரக்கணக்கான கன்றுகளை நட்டு ஆராய வேண்டும். தூருக்குக் கழிகள் எத்தனை? ஒவ்வொன்றின் எடை என்ன? சாற்றில் இனிப்பு எவ்வளவு? காற்றில் சாயாது நிற்குமா? மறுதாம்பும் நன்கு விளையுமா? செவ்வழுகல் நோயைத் தாங்குமா? இனிப்பு மிக்கது நோய்க்கு இரையாகலாம். நோயை வென்றது சாறு குன்றி நிற்கலாம். ஆதலின், ஒரு குணம் கண்டு ஒன்றைக் கொள்ளுதல் ஆகாது. தேர்வு முடியப் பல்லாண்டுகள் செல்லும். இறுதியில் எஞ்சும் ஒரு தூரே போதும்; அதன் கரணைகள் பெருகி நாடெங்கும் பரவும்.

அப்பரவலிலும் ஓர் இடர் உண்டு. 2009இல் வெளிவந்த 'கோ 0238' உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் பரவி, உழவர்க்கு மிகுந்த விளைவைத் தந்தது. பத்தாண்டு கழிவதற்குள் செவ்வழுகல் அதனைத் தாக்கியது. எங்கும் ஒரே கரும்பு நின்றமையால், நோயும் எளிதிற் பரவியது. எனவே தேர்வுப் பணிக்கு முடிவில்லை. நாளைய தேவைக்கென, கண்ணூரில் பல நாட்டுக் கரும்பினங்களும் நாணல்களும் இன்றும் பேணப்படுகின்றன. இன்று பயனற்றதாகத் தோன்றும் புல்லொன்று, நாளை ஒரு நாட்டின் வயலைக் காக்கவும் கூடும்.