மட்டையின் மேல் ஒட்டிய விலை

மேசைப்பந்து ஆடிப் பழகாதவர்கள் மட்டை என்றால் மரம் என்றே எண்ணுகிறார்கள். ஆடுகிறவர்களுக்குத் தெரியும், முறையான அடியில் பந்து மரத்தைத் தொடுவதே இல்லை என்று. மரத்தின் இருபுறமும் ஒட்டப்படும் ரப்பர்தான் பந்தைச் சந்திக்கிறது. நல்ல மரம் பத்தாண்டு உழைக்கும். ரப்பர் தேயும், வறளும், மாற்றியாக வேண்டும். எனவே இந்த ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செலவு வைப்பது அதுதான். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு, எந்த ரப்பர் வாங்குவது என்பது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. வீட்டின் மாதக் கணக்கைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

விலையுயர்ந்த ரப்பர் தன் ஆட்டத்தையே மாற்றிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முற்றிலும் காரணமற்றதன்று. அப்படி ஒருமுறை நடந்தது. அதுவும் நம் நாட்டிலேயே நடந்தது. 1952இல் உலகச் சாம்பியன் போட்டி முதன்முறையாக ஆசியாவுக்கு வந்து பம்பாயில் நடைபெற்றது. அதுவரை எல்லோரும் புள்ளி புள்ளியாக மேடு கொண்ட மெல்லிய ரப்பர் மட்டையால் ஆடிவந்தனர். பந்து பட்டால் 'டொக்' என்று கேட்கும். அந்த ஒலியைக் கொண்டே அடியின் வேகத்தைக் கணிப்பார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு ஆடினார். ஒலியில்லை. பந்து எப்போது புறப்பட்டது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று எதிரில் நின்றவர்களால் கணிக்க முடியவில்லை. அவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதன்பின் ஸ்பாஞ்ச் உலகெங்கும் பரவியது. 1959இல் உலகச் சம்மேளனம் வரம்பு விதித்தது: ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. இன்றும் நாம் அந்த நான்கு மில்லிமீட்டருக்குள்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

பழைய மட்டைக்கும் எங்கள் ஊருக்கும் மெல்லிய ஓர் உறவு உண்டு. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை இருந்தது. அது இன்று இயங்கவில்லை. அங்கே மட்டை செய்யப்படவில்லை; ஆனால் ஐந்து முறை ஒற்றையர் உலகச் சாம்பியனான விக்டர் பார்னாவின் பெயரில் மேசைப்பந்துப் பொருள்களை விற்றது அதே டன்லப் என்ற பெயர்தான். பார்னா வென்ற 1930களில் எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரேவகை ரப்பர். தோற்றவன் மட்டையைக் குறை சொல்ல இடமில்லாத காலம் அது.

இன்று அந்த வசதி நமக்கு உண்டு. மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டு விளையாட்டுக் கடைகளுக்கு நடந்தாலும், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தேடினாலும், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருக்கும். என்னளவில் சாதாரண ஆட்டக்காரர்களுக்காக அவற்றை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, பிரெண்ட்ஷிப் 729 போன்ற சீன ரப்பர்கள். மேல்தாளில் பிசுபிசுப்பு இருக்கும், ஸ்பாஞ்ச் கடினம், ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். இரண்டு, யசாகா மார்க் ஃபைவ், பட்டர்ஃபிளை ஸ்ரிவர் போன்று 1960களில் தோன்றிப் பல தலைமுறைகளுக்கு ஆட்டம் கற்பித்த நடுத்தர வகை. மூன்று, ஸ்பாஞ்சுக்குள்ளேயே இழுவிசையை அடக்கி வைத்திருக்கும் இன்றைய ஜப்பானிய, ஜெர்மானிய ரப்பர்கள். இவற்றின் உச்ச வகைகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஐந்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

மூன்றாம் வகையில் பந்து பட்டதும் துள்ளிப் பாயும். ஆட்டக்காரர் தராத வேகத்தையும் ரப்பர் தரும். எதிராளியின் சுழற்சியும் அதில் அதிகமாக ஏறும். கையில் கட்டுப்பாடு இல்லாதவருக்குப் பந்து ஒன்பதடி மேசையைக் கடந்து சுவரில்தான் போய் நிற்கும்.

எங்கள் மன்றத்துக்கு வரும் இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. கடையில் உறையோடு விற்கும் ஆயத்த மட்டையால் ஆடிவந்தார். அதன் ரப்பர் கண்ணாடிபோல் வழுக்கியது. கால் வேகமும் கண் கூர்மையும் எங்கள் யாருக்கும் இல்லாத அளவு அவருக்கு இருந்தன. ஒருநாள் யாரோ, "இது பேட் இல்லப்பா, தோசைக் கரண்டி" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "சார், இருக்கறதுலயே பெஸ்ட் ரப்பர் எது சார்? ஓவர்டைம் காசு வருது."

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அவர் எண்ணியிருந்த தொகை, அவருடைய மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. "தம்பி, பெஸ்ட் வேற, உங்களுக்கு ஏத்தது வேற" என்று தொடங்கினேன். வலக்கை அடிக்குச் சீன ரப்பர், இடப்பக்கம் தடுத்தாட 1.8 மில்லிமீட்டரில் மென்மையான நடுத்தர ரப்பர் என்று எழுதிக் கொடுத்தேன். கனரக வாகனத் தொழிற்சாலையில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இடையில் புகுந்து, "மரம் என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கப்பா" என்றார். ரப்பர் செலவு மூவாயிரத்துக்குள் முடிந்தது.

முதல் இரண்டு வாரம் பந்தெல்லாம் வலையில் விழுந்தது. "இது சோம்பேறிக்குப் போகாது சார்" என்றார் அவர். அதைவிடச் சரியாக அந்த ரப்பரை வருணிக்க என்னால் இயலாது. பிசுபிசுப்பான மேல்தாளும் கடினமான ஸ்பாஞ்சும் முழுக்கையும் வீசித் தேய்த்து அடித்தால்தான் சுழற்சி தரும். சும்மா நீட்டினால் பந்து அங்கேயே செத்து விழும். வெண்பா எழுதிப் பழகுகிற மாணவர்களிடம் இதையே கண்டிருக்கிறேன். தளை தட்டினால் அது மன்னிக்காது; எங்கே தட்டியது என்பதை உடனே காட்டிவிடும். தன் பிழையைத் தானே பார்க்க முடிவதுதான் கற்பவனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. மூன்று மாதங்களில் எங்கள் மன்றத்தில் அவருடைய சர்வீஸை எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. கரண்டிப் பேச்சும் நின்றது.

மலிவானதே எல்லோருக்கும் போதும் என்று நான் வாதிட வரவில்லை. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்று, 2025 மார்ச்சில் சென்னையிலேயே விடைபெற்ற சரத் கமலைப் போல ஆக வேண்டுமென்று நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உயர்ந்த ரப்பர் ஆடம்பரமன்று, கருவி. அதேபோல், இருநூறு ரூபாய் ஆயத்த மட்டை சிக்கனமும் அன்று. சுழற்சி என்றால் என்னவென்றே அது ஆளுக்குச் சொல்லித் தருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்மைப் போன்றவர்களின் இடம்.

வாங்கியதைக் காப்பதும் சிக்கனத்தில் சேர்ந்ததே. எங்கள் பகுதியின் தூசியும் சென்னையின் ஈரக்காற்றும் பிசுபிசுப்பு ரப்பருக்குப் பகை. 2.7 கிராம் பந்தைக் காற்று இழுத்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடுகிறோம். வியர்வை வேறு தெறிக்கிறது. ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் ஓராண்டு தாராளமாக ஓடும். வெயிலில் நிற்கும் இரு சக்கர வாகனத்தின் பெட்டிக்குள் மட்டையைப் போட்டு வைப்பது அதற்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம். ஒட்டுவதற்குச் சைக்கிள் பஞ்சர் பசையே போதும் என்பார்கள். 1970களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அதே பசையால் ரப்பரின் வேகம் கூடுவதைக் கண்டுபிடித்துப் பெரும் பரபரப்பை உண்டாக்கினர். அதன் ஆவி உடலுக்குக் கேடு என்பதால் 2008இல் அத்தகைய பசைகள் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. தண்ணீரில் கரையும் பசையே நல்லது.

போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். ரப்பரின் அடியில் உலகச் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்தால், எந்தப் பக்கத்தால் அடித்தார் என்பது தெரியாமல் எதிராளி ஏமாறுவார் என்பதால்தான் 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று வகுத்தார்கள். 2021க்குப் பின் சிவப்புக்குப் பதில் நீலம், பச்சை போன்ற நிறங்களுக்கும் இடம் உண்டு. கறுப்பு மட்டும் மாறவில்லை.

எங்கள் மன்றத்தில் மேசை ஒன்றுதான். பட்டறைத் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் பள்ளிச் சிறுமியும் ஓய்வு பெற்றவரும் பதினொரு புள்ளிக்கு ஒருமுறை அதில் மாறி மாறி நிற்கிறார்கள். ஐந்தாயிரம் ரூபாய் ரப்பர் இல்லாதவன் வெட்கப்பட்டு விலகிக்கொள்ளும் நாளில் அந்த மேசை சிலருக்கு மட்டும் உரியதாகிவிடும். அதனால்தான் புதிதாக வருகிறவர் எவரும் ரப்பர் பற்றிக் கேட்டால், நான் முதலில் விலைப்பட்டியலை எடுப்பதில்லை. என் மட்டையை அவர் கையில் கொடுத்து, நாலு பந்து அடிக்கச் சொல்கிறேன்.