வைரம் தேய்ஞ்ச கதை

உலகத்திலேயே கெட்டியான பொருள் எது? வைரம்னு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீங்க. நானும் அப்படித்தான். திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுகிற வீடுகள் நிறைய. மணப்பாறைக்காரனான எனக்கு வைரப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. (அந்தக் கல் நிஜ வைரம் இல்லைங்கிறது வேற விஷயம்.)

மூன்றாம் வருட இன்பிளான்ட் டிரெயினிங், துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். அன்று சிஎன்சி லேத்தில் ஹார்டன் பண்ணின ஸ்டீல் ஷாஃப்ட். ஆபரேட்டர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். முந்தின நாள் அலுமினியம் ஜாப்புக்குப் போட்ட பிசிடி இன்சர்ட், அதாவது வைரத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த முனை, டப்பாவில் மின்னியது. கார்பைடு மழுங்கிட்டே இருக்கே, இதைப் போட்டா என்னன்னு மாட்டிவிட்டேன்.

முதல் பாஸ் கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாவதில் ஃபினிஷ் மங்கி, சத்தமும் மாறிடுச்சு. கழற்றிப் பார்த்தால் முனை மொழுக்குன்னு இருந்தது. உடையவில்லை, கரைந்த மாதிரி.

கரைந்ததுதான். வைரம் என்பது கார்பன். இரும்புக்குக் கார்பன் மேல் தீராத பசி. சுமார் 700 டிகிரிச் சூட்டில் இரும்பு உரசினால் வைரம் கிராஃபைட்டாக மாறும், கார்பன் அணுக்கள் சிப்புக்குள் போய்விடும். எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. டைட்டானியம், நிக்கலிலும் இதே தலைவலி. அதனால்தான் கெட்டி ஸ்டீலுக்கு சிபிஎன் போடுகிறார்கள். போரானும் நைட்ரஜனும் சேர்ந்தது; 1957ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உண்டாக்கினார். வைரத்தைவிடக் கெட்டி குறைவு, ஆனால் இரும்பு அதைச் சீக்கிரம் தின்னாது. வைரத்தை விட மனசில்லாதவர்களும் உண்டு: ஜப்பானில் மொரிவாகியும் ஷமோட்டோவும் டூலை அல்ட்ராசோனிக் வேகத்தில் அதிரவைத்து, வைரத்தாலேயே ஸ்டீலைச் சீவிக் காட்டினார்கள்.

இதெல்லாம் நான் அப்புறம் படிச்சது. அன்று ஓனர் "யாரு போட்டது?"ன்னு கேட்டப்போ என் வாய் திறக்கவில்லை.

"நான்தாங்க. கவனிக்கல"ன்னார் அண்ணன்.

சம்பளத்துல பிடிப்பாங்களாண்ணேன்னு கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரலை. சாயங்காலம் அந்த இன்சர்ட்டைப் பேப்பரில் சுத்தி, "வச்சுக்க தம்பி, ரிப்போர்ட்டுக்கு ஆகும்"னு அவரே கொடுத்தார்.

ஆச்சு. மைக்ரோஸ்கோப் படத்தோட டூல் வேர் பகுதிக்கு முழு மார்க். படத்துக்குக் கீழே 'தவறான டூல் தேர்வு'ன்னு எழுதியிருந்தேன். யார் தேர்வு பண்ணினதுன்னு எழுதவில்லை.