முதல் நாளே ஜெயிலுக்குப் போங்கள்

மே மாதக் கடைசியில் அந்தமானில் ஓட்டல் ரூம் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், உடனே கார்டை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஏன் பாதி என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். 2019-ல் நான் யோசிக்கவில்லை.

காரணம் ரொம்ப சுலபம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவது ஜூன் 1 வாக்கில். அதற்குப் பத்து நாள் முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். வடகிழக்குப் பருவமழையும் அங்கே உண்டு. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையைப் போல இரண்டு மடங்கு. மழை குறைவான மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது நம் வீடுகளில் பரீட்சை. மே மாதம்தான் லீவு!

நான் பி.காம். ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் தாளில் கட்டம் போட்டேன். ஐந்து பேர், நாலு ராத்திரி. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். 2024-ல் அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. இறங்கிய கையோடு படகு. ஹேவ்லாக் தீவில் மூன்று ராத்திரி. நாலாம் நாள் காலை திரும்பி, மதியம் செல்லுலார் ஜெயில். ஐந்தாம் நாள் விமானம்.

ஜெயில், அம்மாவுக்காக. 1996-ல் 'சிறைச்சாலை' படம் பார்த்ததிலிருந்து, "ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்துடணும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் கேட்ட ஒரே ஊர் அதுதான். அதைக் கடைசியில் வைத்தேன். பீச்சைத் தள்ளிப்போட்டால் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். அம்மா சத்தம் போட மாட்டார்.

மழை நாங்கள் பயந்த மாதிரி இல்லை. ஒரு மணி நேரம் கொட்டும், பிறகு பளிச்சென்று வெயில். ராதாநகர் கடற்கரையில் பிள்ளைகள் நனைந்துகொண்டே ஆடினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி காற்று எழுந்தது. காலையில் ஜெட்டிக்குப் போனால், "கடல் சரியில்லை, இன்னைக்குப் படகு கிடையாது" என்றார்கள்.

தீவில் மழை உங்களை நனைக்கும், அவ்வளவுதான். கட்டிப்போடுவது காற்று. 2016 டிசம்பரில், பின்னால் வர்தா புயலாகி சென்னையைப் புரட்டிப்போட்டதே, அதே சின்னம் முதலில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை முடக்கிப் போட்டது. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. அதோடு பார்த்தால் எங்களுக்குப் போனது ஒரே ஒரு நாள்.

ஆனால் அது அம்மாவின் நாள்.

மறுநாள் படகைப் பிடித்து, ஜெட்டியிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்கு ஓடினோம். டாக்ஸியில் அம்மா, "பரவாயில்லடா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் கொரோனா வந்தது. அதற்கப்புறம் அம்மாவுக்கு மூட்டுவலி.

காமர்ஸ் மாணவனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார்கள்: வரப்போகும் லாபத்தை எண்ணாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். பயணத்தில் ஒரு நாள் ஒதுக்கத் தெரியவில்லை. 'அடுத்த தடவை'யை வரவில் எழுதிவிட்டேன்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். வாடகையில் மிச்சமாகிற பணத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வாங்குங்கள். விமானத்துக்கு முந்தைய இரண்டு ராத்திரியும் ஏர்போர்ட் இருக்கிற தீவிலேயே தங்குங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் சத்தம் போடாதவர் யாரோ, அவர் கேட்டதை முதல் நாள் வையுங்கள்.

போன வாரம் புதிதாகக் கட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். சின்னவளுக்கு லீவு அப்போதுதான் என்பதால் இப்போதும் மே மாதம்தான். முதல் நாள் ஜெயில். கடைசி நாள் காலி.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மழை வந்தா?"

"வரட்டும்மா. ஜெயிலுக்குக் கூரை இருக்கு."