விழிஞத்தில் ஒரு பட்டறை

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார், விருந்தினர் வந்தால் கோவளத்துக்கு அழைத்துச் செல்வர். அதனை அடுத்துள்ள விழிஞத்தை எட்டிப் பார்ப்போர் சிலரே. ஆய் மன்னர்கள் ஆண்ட பழந்துறை அது. எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்குண்டு. 2025இல் நாட்டுக்கு அளிக்கப்பெற்ற புதிய துறைமுகத்தில் மலை போன்ற கப்பல்கள் வந்து நிற்கின்றன. எனினும் எங்களை அவ்வூருக்கு ஈர்த்தது கோயிலுமன்று, கப்பலுமன்று. மீன்பிடி துறையருகே தகரக் கூரையிட்ட ஒரு வள்ள எஞ்சின் பட்டறையேயாகும்.

எங்கள் ஊர் குளச்சல். தந்தையார் மறைந்தபின் அவருடைய வள்ளத்து எஞ்சின் ஆறாண்டுகள் சாக்கு மூடித் திண்ணையில் கிடந்தது. தம்பி கடலுக்குச் செல்ல விரும்பினான். புது எஞ்சின் வாங்கப் பொருளில்லை. இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதும் எங்களுக்கோ திருப்புளி பிடிக்கவும் தெரியாது. பழைய எஞ்சினை இருவருமாகச் சுமந்து சென்றோம். பட்டறை ஆசான் அதனைப் பார்த்துவிட்டு, "நான் சரிசெய்து தருவேன். ஆனால் நடுக்கடலில் நான் இருக்கமாட்டேன். ஞாயிறுதோறும் வந்து நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினை 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்கத் தொடங்கிப் பரப்பியவர், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். கேரளக் கரையின் நாட்டு வள்ளங்களில் அது பெருகியது 1980களில். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது இங்குள்ள வழக்கம். கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்றே ஓட்டிய பின்னர்தான் நிறுத்தவேண்டும். இல்லையேல் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் எஞ்சின் கிளம்ப மறுக்கும்.

முதற்பாடம் பொறுமை. பிஸ்டன் இறுகிவிட்டமையால் கயிறு அசையவில்லை. தம்பி சுத்தியலை எடுத்தான். ஆசான் தடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றி, "அடுத்த ஞாயிறு வாருங்கள்" என்றார். மறுவாரம் சக்கரம் ஒரு விரற்கடை திரும்பியது! அலுமினிய உடலில் உப்பேறி இறுகிய இரும்புப் போல்ட்டுகளுக்குச் சூடும் எண்ணெயும் காட்டவேண்டும். நாங்கள் அவசரப்பட்டு ஒன்றை முறித்தோம். முறிந்ததை எடுக்க அரை நாள் சென்றது.

கீழ்ப்பகுதிப் பற்சக்கர எண்ணெய் மோர் போல் வெளுத்து வழிந்தது. கடல்நீர் புகுந்ததன் அடையாளம் அது. சீலை மாற்றினோம். கடல்நீரை மேலேற்றி எஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர்ச் சக்கரமும் விறைத்திருந்தது. நீரின்றிக் கரையில் ஓட்டினால் அது விரைவில் கருகிவிடும். ஆதலால் நன்னீர் நிறைந்த பீப்பாயில் எஞ்சினை நிறுத்தியே சோதித்தோம். ஐந்தாம் ஞாயிறு, மூன்றாம் இழுப்பில் அது முழங்கியது! பக்கத்துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரையும் பாய்ந்தது.

அன்றே எடுத்துச் செல்லத் துடித்தோம். ஆசான் விடவில்லை. தம்பியை அப்பால் அனுப்பிவிட்டு, ஒரு கம்பியைத் தளர்த்திவைத்து, "என்ன குறை? கண்டுபிடி" என்றார். இருமுறை தோற்றான், சினந்தான். மூன்றாம் முறை கண்டான். "இனி நீ கடலுக்குப் போகலாம்" என்றார் அவர்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இக்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிச் சென்று மக்களை மீட்டதை நாடறியும். அன்று அவ்வெஞ்சின்கள் சோராது ஓடியதில் இத்தகைய பட்டறைக் கைகளுக்கும் பங்குண்டு.

சென்ற மாதம் ஒரு விடியலில் குளச்சலுக்கு அப்பால் தம்பியின் எஞ்சின் நின்றது. பிளக்கில் கரி படிந்திருந்தது. துடைத்து மாட்டிக் கரை சேர்ந்தான். தாயாரிடம் சொல்லவில்லை; எங்களிடம் சொன்னான். ஒவ்வொரு மாலையும் எஞ்சினை நன்னீரில் ஓட்டிக் கழுவுகிறான். வள்ளத்தில் மாற்றுப் பிளக்கும் இரு துடுப்புகளும் என்றும் இருக்கின்றன. துடுப்புகளை மறவாதிருக்கச் சொன்னவரும் அவ்வாசானே.